முப்பத்தொன்றாவது பெட்டி

"நான் சொல்ல வர்றதை ஒரே ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்டிருக்கியாம்மா நீ?" ஒரே ஒரு தடவையாவது. கடைசி வரைக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனவள் மகள்தான் என்பதை யாராவது எழுதி வைத்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தாள் ஜெசிந்தா. "கேக்காமலாடி இருபத்தாறு வருஷம் வளர்த்தேன், காதை அடைச்சுக்கிட்டா பெத்தேன்" என்று இவள் திருப்பிக் கொடுத்ததில் பாதிதான் மகள் முதுகில் பட்டது. மீதி, சாத்திய கதவில் மோதித் திரும்பி இவள் மேலேயே விழுந்தது. மூன்று மாடிப் படியும் தடதடவென்று இறங்குகிற சத்தம், ஸ்கூட்டர் ஸ்டாண்டைக் காலால் தட்டுகிற சத்தம், வண்டி காம்பவுண்டு கேட்டைத் தாண்டுகிற சத்தம், அவ்வளவுதான், பெரம்பூர் வெயில் ஷெரினை விழுங்கிவிட்டது. ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது. தொங்கட்டும். மூளை இருக்கிறவளுக்குத்தானே ஹெல்மெட். சேசுவே, என்ன வார்த்தை இது, இந்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நெற்றியில் அவசரமாகச் சிலுவை போட்டாள். அப்போது மணி பத்தே நாற்பது. இப்போது பதினொன்று பத்து. அரை மணி நேரம் ஒரு நேரமா, கோபம் ஆற ஒரு காபி குடித்தால் போய்விடும், எங்கேயாவது ஜூஸ் கடை வாசலில் நிற்பாள், அல்லது கோயிலுக்குப் போய் மாதா கெபி முன்னால் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் புகார் வைத்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மாவாவது கேட்பாள், வாயில்லாத அம்மா. போனவள் வருவாள், வராமல் எங்கே போகிறாள், லேப்டாப் இங்கேதானே இருக்கிறது. அதைத்தான் ஜெசிந்தா திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கையால் அல்ல, நினைப்பால். சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது லேப்டாப். கதவுப் பக்கம் போகிறபோதும் அவள் சொன்ன கடைசிச் சொல் அதைப் பற்றித்தான்: "அதைத் தொடாதே, மூடிடாதே, ஒரு மணிக்குள்ள முடிஞ்சிரும்." ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்ப்பார்களாம். விட்டுவிட்டு ஓடுகிறவளா இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள்? மாட்டாள். இது முடியும், அவளும் வருவாள். இது ஓடுகிற வரைக்கும் பயமில்லை.

ஓடவில்லை. அதுதான் இப்போது வந்திருக்கிற கேடு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒவ்வொரு வரியாக விழுந்துகொண்டிருந்தது. பெட்டி இருபத்தெட்டு முடிந்தது, இருபத்தொன்பது முடிந்தது, முப்பது முடிந்தது, முப்பத்தொன்று தொடங்கியது. தொடங்கியது தொடங்கியதுதான். பத்து ஐம்பத்திரண்டு என்று பக்கத்திலேயே நேரமும் போட்டிருக்கிறது, வெட்கமில்லாமல். அதற்கு முன்னால் ஒரு பெட்டிக்கு நாலு நிமிஷம், மிஞ்சிப் போனால் அஞ்சு. ஜெசிந்தாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று வீட்டில் ஒரு நினைப்பு உண்டு. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷில் திட்டு வாங்கியவளுக்குத் திரையில் இருப்பதைப் படிக்கத் தெரியாதா? ஏதோ கண் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிச் சீட்டுகள், முப்பது வருஷத்துக் காகிதம், நாற்பது பெட்டி, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து எழுத்தைப் படிக்கிற வேலையை ஷெரினுடைய புரோகிராம் தானாகச் செய்வதில்லை. வேறு யாரோ எழுதிய இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டு, இந்தா இந்தப் பெட்டி, படித்துக் கொடு என்று அனுப்பிவிட்டு, அது முடித்து வருகிறவரை இது சும்மா காத்திருக்கும். வந்ததும் வாங்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு இன்னொன்றை அனுப்பும். அனுப்புவது தாய், போவது பிள்ளை, அப்படித்தான் பெயரே வைத்திருக்கிறார்கள், ஜெசிந்தா வைக்கவில்லை. முதல் தடவை தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபோது, பிள்ளையைக் கொல் என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்ததைப் படித்துவிட்டு, "என் வயித்துல பொறந்தவ எழுதற எழுத்தைப் பாரு" என்று அடுப்படியில் இருந்த கரண்டிக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். ஷெரின் சிரித்துக்கொண்டே, "கொல்றதுன்னா கொல்றது இல்லைம்மா, ரொம்ப நேரம் ஆயிட்டா நிறுத்திடணும், எவ்வளவு நேரம் பொறுக்கணும்கறதுதான் கஷ்டமே" என்றாள். "அஞ்சு நிமிஷம்" என்றாள் இவள், யோசிக்காமல். "உனக்கு அஞ்சு நிமிஷம்மா. எல்லாருக்கும் அப்படி வெச்சா ஒரு வேலையும் முடியாது."

பதினொன்று பதினெட்டு. ஆறாவது தடவையாக ஷெரினைக் கூப்பிட்டாள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அடிக்கிறதே, அணைத்து வைக்கவில்லையே, அப்படியென்றால் அழைப்பது நான் என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள், கொழுப்பு. கொழுப்பாகவே இருக்கட்டும், கர்த்தரே, வெறும் கொழுப்பாகவே இருக்கட்டும். வீட்டுக்காரருக்குப் போட்டாள். அமலதாஸ் ஒர்க் ஷாப் இரைச்சலுக்கு நடுவிலிருந்து, "என்ன ஜெசி, மறுபடியுமா?" என்றார். மறுபடியுமா என்றால் என்ன அர்த்தம். "ஹெல்மெட் போடாம போயிருக்காங்க உங்க பொண்ணு." "கோபம் வந்தா என் பொண்ணு, மெடல் வாங்கினா உன் பொண்ணு. விடு, பசிச்சா வந்துருவா." "பசிச்சா வர்றதுக்கு அது என்ன பூனையா? ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஏதோ சொல்லணும்னு நாலு நாளா சொல்லிட்டிருக்காங்க." "என்னவாம்?" என்று அவர் கேட்டார், எளிதாகக் கேட்டுவிட்டார், இந்த மனுஷனுக்கு எல்லாமே எளிது. என்னவாம். "தெரியலை" என்பதை அவள் எப்போதாவதுதான் சொல்வாள், அதனால் அது நொண்டிக்கொண்டே வந்தது. போனை வைத்துவிட்டு, வைத்த கையோடு ஏழாவது தடவை ஷெரினைக் கூப்பிட்டாள், அப்போதுதான் கேட்டது, படுக்கையறையில், ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு உறுமல். இவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி உறுமியது. தலையணைக்கு அடியில் இருந்தது போன், சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறாள். திரையில் அம்மா, அம்மா, அம்மா என்று வரிசையாக எட்டு. இத்தனை நேரம் பக்கத்து அறைக்குத்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஹெல்மெட் இல்லை, போனும் இல்லை, வியாசர்பாடிப் பாலத்தில் லாரி எப்படி வரும் என்று இவளுக்குத் தெரியாதா, ஓட்டுகிறபோது அழுதால் கண்ணீர் ரோட்டை மறைக்கும், அழுகிறவள்தான் ஷெரின், முகத்தைச் சுளிக்காமல் அழுவாள், சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல், மூக்கு நுனி சிவந்தால்தான் தெரியும். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அதுவாவது அடிக்கிறதே. அடிக்கத் தெரிந்த சாமான் வெடிக்காது. அடுப்பை அணைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். முப்பத்தொன்று தொடங்கியது.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை இப்படி நின்றிருக்கிறது. தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஷெரின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவள், திடீரென்று மேஜையைத் தட்டி, "கண்டுபிடிச்சிட்டேம்மா, இங்கே வா" என்று கூப்பிட்டாள், முகமெல்லாம் பல். ஜெசிந்தா கையில் கரண்டியோடு போய் நின்றாள். "தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கும்மா. பிள்ளை என்ன சொன்னாலும் அது அந்தக் குழாயிலதான் விழும். நல்ல பக்கமா இருந்தா அது ஒண்ணும் சொல்லாது. தண்ணி பட்ட பக்கம், கறை பட்ட பக்கம் வந்தா ஒவ்வொண்ணுக்கும் முணுமுணுக்கும், இது படிக்க முடியலை, இது படிக்க முடியலைன்னு. குழாய் சின்னது, ரொம்பிடும். ரொம்பினா பிள்ளை நின்னுடும், யாராவது எடுத்தாதானே மேலே ஊத்த முடியும்? இங்கே தாய் என்ன பண்றா? நீ முதல்ல முடி, முடிச்சதும் மொத்தமா கேக்கறேன்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கா. அவ எடுப்பான்னு அது நிக்குது, அது முடிக்கும்னு அவ நிக்கறா. ரெண்டு பேர்மேலேயும் தப்பே இல்லை, ஒரு எர்ரரும் வராது. சும்மா நிக்கும், நாள் கணக்கா நிக்கும். அதுக்கு என்ன பண்ணணும்னா..." என்னவோ சொல்ல வந்தாள். விரலைக்கூட தூக்கினாள், கீபோர்டின் மேல், இதோ பார் என்கிற மாதிரி. "முதல்ல சாப்பிட்டுட்டு வந்து சொல்லு, மீன் இல்லாத குழம்பு ஆறினா வாயில வைக்க முடியாது" என்றாள் ஜெசிந்தா. ஷெரின் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை, கேட்பதற்கு என்ன இருக்கிறது, கம்ப்யூட்டர் சமாசாரம். அந்த விரல் எந்தப் பொத்தானுக்குப் போனது? வலது பக்கமா, மேலேயா? கண்ணை மூடினால் அந்த விரல் தெரிகிறது, நகத்தில் பாதி உரிந்த ரோஸ் நிறம்கூடத் தெரிகிறது, அது எங்கே இறங்கியது என்பது மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அது இறங்குவதற்கு முன்பே இவள் குழம்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கபிரியேல் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிற பிள்ளைகளை மர ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். பாதி வாக்கியம் பேசுவது பாவாடை இல்லாமல் பூசைக்கு வருவது மாதிரி என்பார், முழு வாக்கியம், முழு வாக்கியமாகச் சொல். நிறுத்தினவளுக்குத்தான் அடி. நிறுத்த வைத்தவளுக்கு என்ன தண்டனை என்று சிஸ்டர் சொல்லித்தரவில்லை.

எழுந்து போய் பால்கனியில் நின்றாள். கீழே இஸ்திரி வண்டி, வெயிலில் தூங்குகிற நாய், ஷெரின் வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். உள்ளே வந்தாள். தொடாதே என்றாள். சரி, தொடவில்லை. ஆனால் தொடாமல் விட்டால் இது ஒரு மணிக்கும் இப்படியே நிற்கும், இரண்டு மணிக்கும் நிற்கும், ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். நிறுத்தத் தெரியும், அது தெரிகிறது, இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும், அதைக் கவனித்திருக்கிறாள், நிறுத்துவதை மட்டும் எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறாள் ஜெசிந்தா. நிறுத்தினால் முப்பதும் போகுமோ? போனால் அவள் என்ன சொல்வாள்? சொல்வதற்கு அவள் வரட்டும் முதலில். முதலில். இந்த முதலில் என்கிற சொல்லை இன்றைக்குக் காலையில் எத்தனை தடவை சொன்னேன்? ஆறு மணிக்கு ஷெரின் அடுப்படி வாசலில் வந்து நின்றாள், தலை வாராமல், "அம்மா, ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "முதல்ல பல்லைத் தேய்." ஒன்பது மணிக்கு வந்தாள். "முதல்ல தோசையைச் சாப்பிடு." பத்தரைக்கு வந்து, "அம்மா, அந்த ஓலை விஷயம்" என்று ஆரம்பித்தாள். "முதல்ல அந்தக் கம்ப்யூட்டர் வேலையை முடிச்சிட்டு வா, அப்புறம் உக்காந்து மொத்தமா கேக்கறேன்." அதற்குத்தான் அந்தக் கத்தல். மொத்தமா கேக்கறேன் என்றுதான் சொன்னேன், கேட்க மாட்டேன் என்றா சொன்னேன்? கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர், பிள்ளை பிள்ளை, இரண்டையும் முடிச்சுப் போடுகிற வேலை வேண்டாம், வெயிலில் மண்டை காய்ந்தால் இப்படித்தான் தோன்றும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓலை விஷயம் என்றால் என்ன விஷயம்? ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. கோயிலில் பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் படிக்கிறாரே, இன்னார் மகன் ஆல்வினுக்கும் இன்னார் மகள் ஷெரினுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று, மூன்று ஞாயிறு. இரண்டு ஓலை படித்தாகிவிட்டது. மூன்றாவதும் படித்துவிட்டால் அப்புறம் கல்யாணம்தான், யாரும் வாய் திறக்க முடியாது. முதல் ஓலை படித்த அன்றைக்கு ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள், எவள் முகத்தில் பொறாமை தெரிகிறது என்று. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஃபாதர் சொல்லிவிட்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றார். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம். ஒரு குழந்தை இருமியது. எண்ணூறு பேரைப் பார்த்தவள், பக்கத்தில் முழங்காலில் இருந்தவளைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். பார்த்தேன், ஆண்டவரே, மூக்கு நுனி சிவந்திருந்தது. சாம்பிராணிப் புகை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. அன்றைக்குச் சாம்பிராணி போடவே இல்லை.

ஆல்வினைப் பிடிக்கவில்லையா? ஓசூரில் நல்ல வேலை, சிகரெட் கிடையாது, அவன் அம்மா கொஞ்சம் பெருமை பேசுவாள், யார்தான் பேசவில்லை. வேறு யாராவது இருக்கிறானா? இருந்தால் இருக்கிறான், சொல்லித் தொலைக்கக் கூடாதா. அல்லது அவன் ஏதாவது சொன்னானா, போனில், வேலையை விட்டுவிட்டு வா என்று, அல்லது அதைவிட மோசமாக ஏதாவது? நிச்சயத்துக்குப் பிறகு ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தாளே, வந்து ரொம்ப நேரம் குளித்தாளே. அன்றைக்கும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி லாரி வர ரெண்டு நாள் ஆகும், முதல்ல வெளியே வா" என்றுதான் கத்தினாள். அந்தப் புரோகிராம்களைப் பற்றி ஷெரின் ஒரு தடவை இன்னொன்றும் சொல்லியிருந்தாள், வேலையை முடித்துவிட்ட பிள்ளைகூடச் சில நேரம் போகாமல் நிற்கும் என்று. தாய் வந்து, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கிற வரைக்கும் பட்டியலில் அதன் பேர் மட்டும் இருக்கும், உயிர் இருக்காது என்று. "உத்தரிக்கிற ஸ்தலத்துல ஆன்மாக்கள் நிக்கற மாதிரியா?" என்று இவள் கேட்டதற்கு, "கரெக்ட்டும்மா" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்த ஒரு நாள் மட்டும் கடைசி வரை கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. பதினொன்று நாற்பத்தேழு. ஜெசிந்தாவின் இரண்டு விரல்கள் அந்த இரண்டு பொத்தான்களின் மேல் போய் நின்றன. ஐம்பத்தைந்து நிமிஷம், இவளுடைய கணக்குக்கு இதுவே பதினோரு மடங்கு. அழுத்து, நிறுத்து, முடிந்தது, உன் கைக்குப் பழக்கம்தானே. உள்ளே அந்தப் பிள்ளை, தண்ணீர் பட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைக் கையில் பிடித்தபடி, எடுக்க யாராவது வருவார்களா என்று நின்றுகொண்டிருக்கும். இரு. இரு என்று விரலுக்குச் சொன்னாள். விரல் கேட்டது, அதுவே அதிசயம்.

கீழே ஸ்கூட்டர். அந்தச் சத்தத்தை ஆயிரத்தில் கண்டுபிடிப்பாள், பிரேக் பிடித்தால் கோழி கத்துகிற மாதிரி, போன மாதமே சரி பண்ணச் சொன்னது. ஸ்டாண்டு தரையில் தேய்கிறது. பிறகு படிகள். தடதடவென்று இல்லை, ஒவ்வொன்றாக. ஜெசிந்தா கதவுக்குப் போய்விட்டாள், போகிறபோதே வாய் நிறைந்துவிட்டது: ஹெல்மெட் எங்கே, போனை விட்டுட்டுப் போற லட்சணமா, மனுஷி செத்துட்டேன் இங்கே, உன் கம்ப்யூட்டர் நின்னு போச்சு போ, அப்பா வரட்டும், முதல்ல முகத்தைக் கழுவு. தாழ்ப்பாளில் கை. காலடிச் சத்தம் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. மணி அடிக்கவில்லை. கதவிலிருக்கிற பொட்டுக் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். வளைந்து தெரிகிற வராண்டாவில் ஷெரின், தலை குனிந்து, சாவி கையிலேயே இருக்கிறது, போடவில்லை. வகிடு தெரிகிறது, வெயிலில் சிவந்த வகிடு. முழுசாக இருக்கிறாள். கை, கால், தலை எல்லாம் இருக்கிறது, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். தாழ்ப்பாளை இழுக்கப் போனவள் இழுக்கவில்லை. தன்னைத் தெரியும் அவளுக்கு. கதவு திறந்தால் வாயும் திறக்கும், இரண்டும் ஒரே கீலில் மாட்டியவை. அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், இந்தப் பக்கம் இவள் நிற்கிறாள், மேஜையில் முப்பத்தொன்று தொடங்கியது என்கிற வரி நிற்கிறது. ஜெசிந்தா வாயில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கினாள், ஹெல்மெட்டை, போனை, அப்பாவை, முகத்தை, எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக அந்த முதலில் என்கிற சொல்லை. நெற்றியைக் கதவில் வைத்தாள். மரம் சுட்டது.

"ஷெரின். அன்னைக்கு அந்தக் குழாய் ரொம்பிடுச்சுன்னு சொன்னியே, அதுக்கு என்ன பண்ணணும்னா... அப்படின்னு நிறுத்தினே. நான்தான் நிறுத்த வெச்சேன். அதைச் சொல்லு."

வெளியே சாவிக்கொத்து ஒரு முறை அசைந்து அடங்கியது.

"சரி, அது வேண்டாம். காலையில சொல்ல வந்தியே, அதைச் சொல்லும்மா. நான் கதவைத் திறக்கலை, ஒண்ணும் பேசலை. நீ சொல்லு."